அரசியலில் எது நடந்தாலும் தமிழர்கள் உடனே வடிவேலு படத்தைத் தேடுவது ஏன்?

தேர்தல் முடிவு, கூட்டணிப் பேச்சு, நிதிநிலை அறிக்கை என எது வந்தாலும் வடிவேலுவின் முகமே மீமாக வருவதற்குக் காரணம் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அவருடைய முகபாவங்கள் காரணம் என்று பலரும் சொல்வார்கள். அது உண்மைதான் என்றாலும், அதைவிட முக்கியமானது அவருடைய பாத்திரங்களின் குணம் என்பது என் கருத்து. கவுண்டமணி எதிரில் நிற்பவரை மட்டம் தட்டுவார். விவேக் சமூகத்துக்குப் புத்தி சொல்வார். வடிவேலுவோ முதலில் சவடால் விடுவார், பிறகு அடி வாங்குவார், வாங்கிய அடியை வெளியே காட்டிக்கொள்ளாமல் சட்டையைச் சரிசெய்துகொண்டு நடப்பார். சவடால் விட்ட தலைவருக்கும் இந்தப் படம் பொருந்தும், அவரை நம்பி வாக்களித்தவருக்கும் பொருந்தும்.

2006-இல் வந்த 'தலைநகரம்' படத்தின் நாய் சேகரை எடுத்துக்கொள்வோம். காவல்துறை வண்டியில் தானாகப் போய் ஏறிக்கொண்டு, தானும் ரவுடிதான் என்று ஊரார் காதில் விழும்படி அவர் கூவுவார். நம் ஊரில் அனுமதி மறுக்கப்பட்ட ஆர்ப்பாட்டம் ஒன்றை நேரில் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. கட்சிக்காரர்களைக் கைது செய்து பேருந்தில் ஏற்றி, பக்கத்துத் திருமண மண்டபத்தில் வைத்திருந்து, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். பேருந்தின் ஜன்னல் வழியாகக் கையை உயர்த்திக் காட்டும் நிர்வாகியின் பார்வை போலீஸ்காரர் மீது இருக்காது, புகைப்படக்காரர் எங்கே நிற்கிறார் என்று தேடிக்கொண்டிருக்கும். நாளிதழில் ஒரு பத்தி எழுதி விளக்க வேண்டியதை நாய் சேகரின் அந்த ஒரு படம் சொல்லிவிடுகிறது.

வடிவேலு மீம் என்ற இந்தப் பொதுமொழியின் வீச்சு தமிழ்நாட்டுக்கு வெளியே தெரிந்தது 2019 மே மாதத்தில்தான். பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு பொறியியல் முகநூல் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தது. தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், ஜமீன் பங்களாவில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையில் அவருடைய அண்ணன் மகன் இதைத்தான் போட்டுவிட்டான் என்று பதிலளித்தார். வடிவேலு நேசமணியாக நடித்து 2001-இல் வெளிவந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தின் காட்சி அது. இன்னொருவர் நேசமணியின் உடல்நலத்தை விசாரிக்க, மே 29 அன்று அவருக்காகப் பிரார்த்திக்கும் ஹேஷ்டேக் ட்விட்டரில் உலக அளவில் முன்னணிக்கு வந்தது. மறுநாள் நரேந்திர மோடி இரண்டாம் முறையாகப் பிரதமர் பதவியேற்க இருந்தார். பதவியேற்புச் செய்தியை அமுக்குவதற்காகவே திட்டமிட்டுச் செய்தார்கள் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாடே ஒரே திசையில் பேசிக்கொண்டிருந்த நாளில் தமிழர்கள் தங்களுக்குள் வேறொன்றைப் பேசிச் சிரித்தார்கள். திட்டம் போட்டிருந்தால் அவ்வளவு இயல்பாக வந்திருக்காது.

இத்தனைக்கும் வடிவேலு கட்சி சாராதவராக இருந்தவர் அல்லர். 2011 சட்டமன்றத் தேர்தலில் திமுகவுக்காக ஊர் ஊராகச் சென்று, விஜயகாந்தைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். அதிமுக கூட்டணி வென்றது. விஜயகாந்தின் தேமுதிக 29 இடங்களைப் பெற்று, 23 இடங்கள் மட்டுமே பெற்ற திமுகவைப் பின்னுக்குத் தள்ளி எதிர்க்கட்சியானது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு வடிவேலு விரல்விட்டு எண்ணும்படியான படங்களில்தான் நடித்தார். அதே காலத்தில்தான் கைப்பேசியும் மலிவான இணையமும் வீடுதோறும் வந்து, அவர் முகம் முன்னெப்போதையும்விட அதிகமாகப் புழங்கியது. அவருடைய மேடைப் பேச்சை இன்று யாரும் நினைவில் வைத்துக்கொண்டு படத்தைத் தேடுவதில்லை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு கட்சி, அவருடைய மருமகன் எதிர்க்கட்சி. தேர்தல் முடிவு வரும் நாளில் இருவரும் 'வின்னர்' படத்தில் வடிவேலு நடித்த கைப்புள்ளையின் ஒரே படத்தைத்தான், கீழே இருக்கும் பெயரை மட்டும் மாற்றி, ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் பேச முடியாததை அந்தப் படம் சண்டையில்லாமல் பேசிவிடுகிறது. இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

ஆனாலும் காட்சியைக் கதையிலிருந்து பிய்த்து எடுக்கும் இந்தப் பழக்கத்தில் எனக்கு ஒரு கவலையும் உண்டு. 2023-இல் வெளியான 'மாமன்னன்' படத்தில் வடிவேலு, ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த சட்டமன்ற உறுப்பினராக நடித்தார். பதவி இருந்தும் ஆதிக்கச் சாதிக்காரர்கள் முன் உட்கார முடியாமல் நிற்கும் மனிதர் அவர். சிரிப்புக்கென்றே பழகியிருந்த அந்த முகத்தை அவமானம் தாங்கிய முகமாகப் பார்த்தபோது திரையரங்கில் எனக்குத் தொண்டை அடைத்தது. படம் ஓடிடி தளத்துக்கு வந்ததும் நடந்ததோ வேறு. ஃபகத் ஃபாசில் நடித்த ரத்னவேல், அதாவது சாதி வெறி பிடித்த வில்லன், சின்னச் சின்னக் காணொளிகளாக வெட்டப்பட்டு, சாதிப் பெருமைப் பாடல்கள் சேர்க்கப்பட்டு, நாயகனைப் போலக் கொண்டாடப்பட்டான். படம் எதை எதிர்த்து எடுக்கப்பட்டதோ அதற்கே அதன் காட்சிகள் பயன்பட்டன. நேசமணிக்காகச் சிரித்தவர்களும் ரத்னவேலுக்கு விசிலடித்தவர்களும் கையாண்ட முறை ஒன்றுதான்: கதையை விட்டுவிட்டு முகத்தை மட்டும் எடுத்துக்கொள்வது.

ஆகவே அரசியல் மீம் எதையும் நான் பகிரும் முன் ஒன்றைப் பார்க்கிறேன்: அந்தப் படத்தில் அடி வாங்குபவர் யார்? அதிகாரத்தில் இருப்பவர் என்றாலோ, சவடாலை நம்பி ஏமாந்த நாம் என்றாலோ பகிர்வேன். நிற்க வைக்கப்பட்ட மனிதரை மறுபடியும் நிற்க வைக்கும் படத்தை, அனுப்பியவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், பகிர மாட்டேன். ஏன் பகிரவில்லை என்று அவரிடமே சொல்லிவிடுவேன்.