ஏழு ஏன் ஓடவில்லை?

அன்புள்ள அம்மா,

எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு மூன்று. நானும் மனைவியும் மாலை ஆறு மணிக்கு வேலையிலிருந்து திரும்புகிறோம். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைக்கிறோம். காலை ஆறரைக்கு எல்லோரும் எழுந்தாக வேண்டும். மாலையில் அந்த நான்கு மணி நேரமும் அழுகை, சண்டை, கெஞ்சல், மிரட்டல்தான். எதையும் சிரித்துக்கொண்டே கடந்துவிடு என்கிறார்கள். முயன்று பார்த்தேன். நான் கேலி செய்தால் மூத்தவள் அழுகிறாள். அவளுக்கு நகைச்சுவை உணர்வே இல்லையோ என்று கவலையாக இருக்கிறது. சின்னவள் அப்படியில்லை. அவள் வார்த்தைகளைத் தப்புத் தப்பாகச் சொல்வதை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்கள் குழுவில் போடுவோம், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எங்களுக்கு அது ஒன்றுதான் ஆறுதல். மூத்தவள் வெளியிடங்களில் மிகச் சத்தமாகச் சிரிக்கிறாள், அதையும் திருத்தப் பார்க்கிறோம். நம்பிக்கை இழக்காமல் இருப்பது எப்படி? இதெல்லாம் எந்த வயதில் சரியாகும்? படிக்க ஏதாவது புத்தகம் சொல்லுங்கள்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், தம்பி. அதைத் திறக்கவே உங்களுக்கு நேரம் இருக்காது. எந்த வயதில் சரியாகும் என்பதையும் தள்ளிவைப்போம். உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த வீடியோ பற்றிய வரி. பெண் குழந்தை சிரிப்புக்கு ஆளாவதும் அவளே சிரிப்பை உண்டாக்குவதும் வேறு வேறு என்பதைக் கொஞ்ச நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டில் முதலாவது நிறைய நடக்கிறது, இரண்டாவதற்கு இடமே இல்லை.

அதற்கு முன்னால் ஒரு கணக்கு. மூன்று வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஆறு வயதுக்கு 9 முதல் 12. பத்து மணியிலிருந்து ஆறரை வரை எண்ணிப் பாருங்கள், எட்டரை. விளக்கை அணைத்த நொடியே தூங்கினாலும் மூத்தவளுக்குக் குறைந்தபட்ச அளவில் அரை மணி குறைகிறது. சின்னவள் பகலில் ஒரு மணி நேரம் தூங்குகிறாள் என்றாலும் அவளுக்கும் அதே அரை மணி குறைவு. தூக்கம் போதாத பெரியவர்கள் துவண்டு போவார்கள். குழந்தைகள் நேர்மாறாகத் துள்ளுவார்கள், கத்துவார்கள், ஒன்றுமில்லாததற்கு உடைந்து அழுவார்கள். நாம் அதை வால்தனம் என்கிறோம், அடம் என்கிறோம். அந்த நிலையில் உலகத்திலேயே சிறந்த நகைச்சுவையைச் சொன்னாலும் அழுகைதான் வரும்.

இன்றைக்கே எட்டரைக்குப் படுக்க வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பழகிய நேரம் வரை படுக்கையில் புரண்டு உங்களையும் படுத்துவார்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் தள்ளுங்கள், பதினெட்டு நாளில் எட்டரைக்கு வந்துவிடும். காலையில் எழும் நேரத்தை விடுமுறையிலும் மாற்றக் கூடாது, மாற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். வீட்டுக்குள் வந்ததும் குழந்தைகள் வயிற்றுக்கு ஏதாவது போகட்டும், மற்றதெல்லாம் பிறகு. கடைசி அரை மணியில் தூக்கிப் போட்டு விளையாடுவதும் கிச்சுகிச்சு மூட்டுவதும் வேண்டாம். ஏறிய உடம்பு இறங்க அவ்வளவு நேரமாவது பிடிக்கும்.

இனி கேலிக்கு வருகிறேன். மூத்தவளுக்கு நகைச்சுவை உணர்வே இல்லை என்று எழுதிவிட்டு நாலு வரி தள்ளி அவள் சத்தமாகச் சிரிக்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்து ஒருமுறை படித்துப் பார்த்தீர்களா? அவளுக்குச் சிரிப்பு வருகிறது. நீங்கள் அவளைச் சொல்லும்போது மட்டும் வருவதில்லை. அறை முழுக்கப் பொம்மை இறைந்து கிடக்கும்போது ‘ஆஹா, எவ்வளவு அழகா அடுக்கி வச்சிருக்கா என் பொண்ணு’ என்றால் ஆறு வயதுக்கு என்ன புரியும்? சொன்னதற்கு எதிரானதைப் பேசுகிறவர் நினைக்கிறார் என்பது பிடிபடத் தொடங்கும் வயதே அது. நன்றாகப் பிடிபட இன்னும் சில வருடம் ஆகும். இப்போது அவளுக்குக் கிடைப்பது உங்கள் குரலில் இருக்கும் குத்தல் மட்டும். குத்தினால் அழுகிறாள். இதில் அவளிடம் என்ன குறை கண்டீர்கள்?

சிரிப்பும் பல் முளைப்பதைப் போலப் படிப்படியாக வருவதுதான். மூன்று நான்கு மாதத்தில் வாய்விட்டுச் சிரிக்கும். ஒரு வயது ஆவதற்குள் முகத்தை மூடித் திறக்கும் விளையாட்டு போதும். இரண்டாம் வயதில் செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். இரண்டு வயதையொட்டிப் பூனையைக் காட்டி ‘நாய்’ என்று வேண்டுமென்றே சொல்லிச் சிரிக்கும். இது பெரிய படி, கவனியுங்கள். பூனை எது என்று ஐயமறத் தெரிந்த பிறகுதான் அதை நாய் என்று சொல்ல முடியும். மூன்று வயதில் மாடு சைக்கிள் ஓட்டினால் சிரிப்பு. ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருளை ஒரே நேரத்தில் பிடித்துவைக்க ஆறு, ஏழு வயதாகிவிடும். விடுகதையும் சிலேடையும் அப்போதுதான் ருசிக்கும்.

மூத்தவளிடம் ‘ஆறு ஓடுதே, ஏழு ஏன் ஓடல?’ என்று கேளுங்கள். முதலில் விழிப்பாள். பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், அதற்கப்புறம் ஒரு வாரத்துக்கு வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்திக் கேட்பாள். சின்னவளிடம் அதையே கேட்டால் ‘எட்டு’ என்பாள். ‘உனக்குப் புரியலை’ என்று அக்கா சொல்ல, அங்கே சண்டை மூளும். மூன்று வயது சொல்லும் விடுகதைக்கு விடை இருக்காது. ‘மரம் ஏன் மரம்? ஏன்னா யானை!’ என்று சொல்லிவிட்டு அவளே உருண்டு சிரிப்பாள். விளங்கவில்லையே என்று முகம் சுளிக்காதீர்கள், பொய்யாகவும் சிரிக்காதீர்கள். ‘யானை மரத்துல என்ன பண்ணுது?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவள் தொடருவாள்.

முட்டாளாக்கப்பட வேண்டியவர் நீங்கள். உங்கள் வீட்டில் இது தலைகீழாகக் கிடக்கிறது. காலுறை போடும் நேரத்தில் ஒன்றை எடுத்து உங்கள் கையில் மாட்டிக்கொண்டு, ‘விரல் வைக்க இடமே இல்லையே’ என்று உண்மையாகக் குழம்புங்கள். ‘அது காலுக்கு!’ என்று கத்துவாள். ‘ஓ, சரி சரி’ என்று காதில் மாட்டுங்கள். மூன்றாவது தடவை அவளே பிடுங்கித் தன் காலில் போட்டுக்கொள்வாள். அதோடு நிறுத்திவிட வேண்டும். ஐந்தாவது, ஆறாவது தடவைக்கு இழுத்தால் காலுறை போடும் வேலை மறந்துபோய் ஓட்டம் தொடங்கிவிடும். அவளுக்கு நன்றாகத் தெரிந்ததை மட்டுமே தப்பாகச் செய்ய வேண்டும். இடது வலது இன்னும் பிடிபடாதவளிடம் செருப்பை மாற்றிப் போட்டுக் காட்டினால் சிரிப்பு வராது, குழப்பம்தான் மிஞ்சும். மருந்து, நெருப்பு, சாலை இவற்றில் இந்த விளையாட்டு கூடவே கூடாது. அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கும்போதும் கூடாது. ‘மறுபடியும்’ என்று நச்சரிப்பாள். ‘இன்னும் ரெண்டு தடவை’ என்று விரலைக் காட்டி, முடிந்ததும் ஒவ்வொரு விரலாக மடக்குங்கள். வாயால் சொல்லும் எண்ணிக்கையைவிடக் கண்ணில் பட்ட விரலை நம்புவாள்.

கண்ணாமூச்சியும் அப்படித்தான். திரைக்குக் கீழே கால் தெரிய ஒளிந்திருப்பாள். ‘கால் தெரியுது’ என்று சொல்லிவிடாதீர்கள். கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், வாளிக்குள் என்று நான்கைந்து இடத்தைச் சத்தமாகச் சொல்லித் தேடினால் போதும். மூன்று வயது அதற்கு மேல் தாங்காது, ‘நான் இங்க இல்ல’ என்று திரையே பேசிவிடும். மூத்தவளைச் சின்னவளுக்கு எதிராக நிறுத்தாமல், இருவரும் சேர்ந்து உங்களை ஏமாற்றும் திட்டத்துக்கு அவளைத் தலைவியாக்குங்கள். ரகசியம் கையில் இருக்கும் அக்காவுக்குத் தங்கையைச் சீண்டத் தோன்றாது.

கிச்சுகிச்சு மூட்டினால் வரும் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிடிக்காவிட்டாலும் அந்தச் சிரிப்பு வந்தே தீரும். மூன்று நான்கு நொடி, பிறகு இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக் காத்திருங்கள். ‘இன்னும்’ என்றால் தொடருங்கள். உடம்பைச் சுருக்கினால், விலகினால், முடிந்தது. தன் உடம்பு தன் சொல் கேட்கும் என்று ஒரு பெண் குழந்தை படிக்கும் முதல் பாடம் இங்கே இருக்கிறது. கழிப்பறைச் சொற்களைச் சொல்லிச் சிரிக்கும் வயதும் இதுதான். கண்டுகொள்ளாதீர்கள், அது தானாகப் போகும். அழுதுகொண்டிருக்கும் பிள்ளையைச் சிரிக்கவைக்க மட்டும் முயலாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். விம்மல் நின்று மூச்சு சீராகட்டும். அதற்குப் பிறகு வரும் முதல் சிரிப்பை அவளே தொடங்கட்டும்.

இப்போது அந்த வீடியோ. மூன்று வயதில் பிள்ளைகள் செய்யும் தப்பு இரண்டு வகை. ஒன்று நாக்கு திரும்பாதது. ர என்பது ல ஆகும், குதிரை குருதை ஆகும், ழ கடைசியில்தான் வரும். இரண்டாவது வகையைத்தான் நீங்கள் கொட்டிச் சிரித்து வீணாக்குகிறீர்கள். ‘நான் பாக்கினேன்’, ‘நான் போகினேன்’ என்பாள். அப்படிப் பேசுகிற ஒரு பெரியவரையும் அவள் கேட்டதில்லை. தூங்கினேன், ஓடினேன், பாடினேன் என்று காதில் விழுந்ததிலிருந்து, நடந்து முடிந்ததைச் சொல்ல ஒரு விதி இருக்கிறது என்று தானே கண்டுபிடித்து, அந்த விதிக்கு அடங்காத சொல்லிலும் துணிந்து போட்டுப் பார்க்கிறாள். இலக்கணம் என்ற சொல்லையே கேட்டிராத ஒரு சின்ன மண்டைக்குள் இது நடக்கிறது. ‘நேத்திக்குக் கடலுக்குப் போலாமா?’ என்பாள். இன்று இல்லாத நாளெல்லாம் அவளுக்கு நேற்றுதான். அப்படியும் போகலாமா என்று கேட்கத் தெரிந்திருக்கிறது. நம்பிக்கை எங்கே என்று கேட்டீர்களே, இதற்கு முன்னால் போய் உட்காருங்கள்.

திருத்தவும் வேண்டாம். ‘நாய் பாக்கினேன்’ என்றால் ‘ஆமா, நானும் பார்த்தேன், வால் ஆட்டிச்சே’ என்று சரியான சொல்லை வைத்துப் பதில் பேசுங்கள். அவளுக்கு அது போதும்.

நீங்கள் செய்வது என்ன? தொலைபேசியைத் தூக்குகிறீர்கள். ‘இன்னொரு தடவை சொல்லு’ என்கிறீர்கள். சொல்கிறாள், சிரிக்கிறீர்கள். சுற்றியிருப்பவர்களும் சிரிக்கிறார்கள். என்ன சொன்னோம், ஏன் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தன் வாயைத் திறந்தால் எல்லோரும் சிரிப்பார்கள் என்பது மட்டும் தெரியும். இன்றைக்கு அதுவும் இனிக்கலாம். வெட்கம் என்பது இரண்டு மூன்று வயதிலேயே முளைத்துவிடுவது. ஒருநாள் தொலைபேசியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வாள், அல்லது கோணங்கித்தனமாக மழலையை நடிப்பாள். மூத்தவளின் மழலையையும் இப்படித்தான் எடுத்தீர்களா? அவள் கேலிக்கு அழுவதை அங்கிருந்து யோசியுங்கள்.

குறித்து வைக்க ஆசையாக இருக்கிறதா, ஒரு நோட்டு போடுங்கள். தேதி, வயது வருடமும் மாதமுமாக, யாரிடம் சொன்னாள், எதைப் பார்த்துச் சொன்னாள், அப்புறம் அவள் சொன்ன சொல் அப்படியே. அன்றைக்கே எழுதிவிட வேண்டும். இரண்டு நாள் போனால் உங்கள் கை தானாகவே ‘பார்த்தேன்’ என்று திருத்தி எழுதிவிடும். அவள் பின்னாளில் ‘நான் சின்னதா இருக்கும்போது என்ன சொன்னேன்?’ என்று கேட்பாள். அவள் கேட்டால், அவளுக்கு மட்டும் படித்துக் காட்டுங்கள்.

சத்தமாகச் சிரிப்பதைத் திருத்துகிறீர்களாம். பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த காது நம்முடையது. பதப்படுத்திய புகையிலையைப் பொதிந்து கட்டி வைப்பது ஈரம் போகாமலிருக்க. விரித்துப் போட்டால் காய்ந்து நொறுங்கும், மணமும் போய்விடும். இலைக்கு அது சரி. ஆறு வயதுப் பெண்ணிடம் என்ன காய்ந்துபோகிறதாம்? மூன்று வயதில் அவளைச் சுற்றி நின்று எல்லோரும் சிரிக்கலாம், ஆறு வயதில் அவள் தானாகச் சிரித்தால் வாயைப் பொத்த வேண்டும் என்றால், சிரிப்பு எப்போதும் மற்றவர்களுக்குத்தான் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். யாரோ தூங்குகிற இடம், நோயாளி இருக்கிற இடம் என்றால் ‘இங்க மெதுவா’ என்று காரணத்தோடு சொல்லுங்கள். அதை ஆண் குழந்தைக்கும் சொல்வோம். மற்ற இடங்களில் விட்டுவிடுங்கள்.

எந்த வயதில் சரியாகும் என்று கேட்டிருந்தீர்கள். சின்னவளின் ‘பாக்கினேன்’ சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் போய்விடும். அது போன தேதியை உங்களால் நோட்டில் எழுத முடியாது, கவனிப்பதற்குள் போயிருக்கும்.

இன்றிரவு விளக்கை ஒன்பதே முக்காலுக்கு அணையுங்கள். குழுவில் போட்ட வீடியோக்களில் அழிக்க முடிந்ததை அழியுங்கள், மற்றவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். அதற்கப்புறம், ஏழு ஏன் ஓடவில்லை என்பதற்கு மூத்தவள் என்ன காரணம் சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.