கம்ப்யூட்டர் கேள்வி பதில்: வெயில் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: அண்ணா, ஐ5 12400 பிராசசர், புது மதர்போர்டு வாங்கி, கடையில் மாட்டுகூலி கேட்டதால் நானே மாட்டினேன். டப்பாவோடு வந்த கூலரின் (பிராசசர் சூட்டைத் தணிக்கும் தகடும் ஃபேனும்) நான்கு பிளாஸ்டிக் பின்னில் ஒரு பக்கத்து இரண்டும் டிக் என்று உட்கார்ந்துவிட்டன, அடுத்த பக்கத்து இரண்டும் அழுத்த அழுத்த மேலே வருகின்றன. போர்டு வேறு வளைகிறது, பயமாக இருக்குங்க. பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) ஐந்து நிமிடத்தில் 95 டிகிரி. சேலம் வெயில்தான் காரணம் என்கிறான் நண்பன்.
- வாசகர், அம்மாபேட்டை

பதில்: வெயில் பாவம், விட்டுவிடுங்கள் தம்பி. மே மாதத்தில் நம்மூர் 40 டிகிரியைத் தொட்டாலும், சும்மா பயாஸ் திரையில் நிற்கிற பிராசசர் 95-க்கு ஏறாது. "ஒரு பக்கத்து இரண்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான். ஒரே பக்கத்தை முதலில் அழுத்தினால் கூலர் சாய்ந்துகொள்ளும், எதிர்ப்பக்கம் தூக்கிக்கொள்ளும், இடையில் காற்று புகுந்துவிடும், காற்றுக்குச் சூட்டைக் கடத்தத் தெரியாது. பிராசசர் போயிருக்காது. 100 டிகிரியைத் தொட்டால் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். ஆனாலும் சரியாக மாட்டும்வரை ஆன் செய்ய வேண்டாம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் ஒயரைக் கழற்றி, ஒவ்வொரு பின் தலையையும் அதிலுள்ள அம்புக்குறி காட்டும் பக்கம் கால் சுற்று திருப்பி மேலே இழுங்கள், கூலர் வந்துவிடும். கூலருக்கும் பிராசசருக்கும் நடுவே சூட்டைக் கடத்த ஒரு பேஸ்ட் இருக்கும், ஒருமுறை தூக்கிய கூலரில் அந்தப் பழைய பேஸ்ட்டை நம்பாதீர்கள். மருந்துக்கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும், அதைத் தொட்டு பிராசசரின் மேல்பக்கத்தையும் கூலரின் அடிப்பக்கத்தையும் சுத்தமாகத் துடையுங்கள், பஞ்சு உதிராத துணியாக இருக்கட்டும். புது பேஸ்ட் எவ்வளவு என்று சேலத்துக்காரருக்குச் சொல்வது சுலபம்: ஊறிய பெரிய ஜவ்வரிசி ஒன்று அளவு, பிராசசரின் நடுவில். பரப்ப வேண்டியதில்லை, கூலரின் அழுத்தமே பரப்பிக்கொள்ளும்.

அப்புறம், கழற்றும்போது திருப்பிய தலைகளை மறக்காமல் பழைய நிலைக்குத் திருப்பி வையுங்கள், பாதிப் பேர் வழுக்குவது இங்கேதான். கறுப்புப் பின் நன்றாக மேலே இழுத்திருக்கிறதா, வெள்ளைக் கால்கள் வளையாமல் இருக்கின்றனவா பார்த்து, நான்கு கால்களும் ஓட்டையில் இறங்கிய பிறகு, எதிரெதிர் மூலை இரண்டை இரண்டு கட்டைவிரலால் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். டிக். பிறகு மற்ற இரண்டு. கார் சக்கரத்தில் நட்டு முடுக்குகிற கணக்குதான். போர்டு கொஞ்சம் வளையத்தான் செய்யும், அதைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து மேஜையில் வைத்துச் செய்தால் உங்களுக்குப் பயம் குறையும்.

டிக் சத்தத்தை மட்டும் நம்பாமல் போர்டைத் திருப்பிப் பாருங்கள். நான்கு ஓட்டையிலும் வெள்ளைக் கால் விரிந்து நடுவில் கறுப்புப் பின் தெரிய வேண்டும். ஒன்றில் தெரியாவிட்டாலும் கழற்றி மறுபடி மாட்டுங்கள். ஃபேன் ஒயர் 'சிபியூ ஃபேன்' என்று அச்சடித்த நான்கு முள் சொருகியில்தான் போக வேண்டும், இறக்கையில் உரசாமலும் பாருங்கள். இனி பயாஸில் 50-ஐ ஒட்டி நின்றால் கவலை இல்லை.

அம்மாபேட்டை என்பதால் ஒன்று கேட்கிறேன், வீட்டில் தறி ஓடுகிறதா? ஓடினால் பஞ்சுத்தூசி கூலர் தகடுகளில் மெத்தை மாதிரி படியும், மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

கேள்வி: பத்தாம் தலைமுறை பிராசசரோடு வந்த கூலர் சும்மா கிடக்கிறது. பன்னிரண்டாம் தலைமுறைக்கு மாட்டலாமா?
- வாசகர், ஆத்தூர்

பதில்: மாட்ட முடியாது. பழையதில் ஓட்டைக்கு ஓட்டை 75 மில்லிமீட்டர், பன்னிரண்டாம் தலைமுறை உட்காரும் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் 78. மூன்று மில்லிமீட்டர்தானே என்று வளைத்துச் சொருகினால் பின் உடையும். இரண்டு வகை ஓட்டையும் உள்ள போர்டுகள் சில உண்டு, உங்களுடையது அப்படியா என்று பாருங்கள். தனியாகக் கூலர் வாங்குவதானால் அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு மாட்டுங்கள். நான் ஒருமுறை உரிக்காமல் மாட்டிவிட்டு இரண்டு நாள் ஃபேனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். இந்தக் குளிருக்குப் பெரிய கூலர் தேவையா? மேகம் அறைக்குள்ளேயே வருகிறது, ஈரம் பிடிக்காதா?
- வாசகி, ஏற்காடு

பதில்: அறை பத்து டிகிரி குறைந்தால் பிராசசரும் ஏறக்குறைய பத்து டிகிரி குறையும், அவ்வளவுதான் லாபம். கூலர் இல்லாமல் அங்கேயும் ஓடாதும்மா. ஈரம் காற்றைவிடக் குளிர்ந்த பொருளில்தான் படியும், ஓடுகிற பிராசசரோ அறையைவிட எப்போதும் சூடு, அதனால் பயமில்லை. ரிப்பேருக்குச் சேலம் கொண்டுவரும்போதுதான் கவனம். அந்த 20 கொண்டை ஊசி வளைவிலும் கேபினெட்டைப் படுக்க வைத்து, போர்டு கீழேயும் கூலர் அதன்மேல் நிமிர்ந்தும் இருக்கும்படி கொண்டுவாருங்கள். குளிர்ந்த கேபினெட்டில் கீழே ஈரம் படியலாம், அதனால் இறங்கியதும் ஒரு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு ஆன் செய்யச் சொல்லுங்கள்.