கார் சைலன்சர் ஓட்டையாயிருச்சு, சத்தம் மட்டும்தான் ஜாஸ்தி. அப்படியே ஓட்டலாமா?

ஓட்டாதீங்க. சத்தத்தை விடுங்க, புகை உள்ள வந்தா வந்ததே தெரியாது, அதான் பயம்.

நான் கீழக்கரை பக்கம், போட் எஞ்சின் வேலை பாக்குறேன், கார் மெக்கானிக் கிடையாது. போட்டுக்காரனுக்கு கார் பத்தி என்ன தெரியும்னு கேக்க நாலு பேரு வருவீங்க, எஞ்சின் எதுல இருந்தாலும் புகை ஒண்ணுதான். எங்க ஆளுக படகுல சத்தம் கரை வரைக்கும் கேக்கும், வாப்பாவுக்கு அதுலயே வருசக்கணக்கா இருந்து காது பாதி போச்சு, அதனால சத்தமும் சும்மா இல்ல. ஆனா கடல்ல நாலு பக்கமும் காத்து, புகை தங்காது. கார்ல கண்ணாடியை ஏத்திட்டுல்ல உக்காந்துருக்கோம்.

மச்சான் துபாய்ல இருக்காரு, இங்க கார் லாத்தாதான், எங்க அக்காதான் ஓட்டுவாக. பழைய பெட்ரோல் வண்டி. மழை நேரத்துல மதுரைல ஒரு கல்யாணத்துக்கு கிளம்புனோம், லாத்தா ஓட்டுறாக, நான் முன்னாடி, உம்மாவும் புள்ளைங்களும் பின்னாடி. கண்ணாடி எல்லாம் மூடி, ஏசியை உள்காத்தையே சுத்துற மாதிரி போட்டாச்சு. ராம்நாடு தாண்டி பரமக்குடி வர்றதுக்குள்ள புள்ளைங்க தூங்கிருச்சுக, உம்மா தலையைப் பிடிச்சுக்கிட்டு கிறுகிறுன்னு வருதுன்னாக. டீக்கு நிறுத்துனா சின்னவன் வாந்தி. பித்தம்னாக, எலுமிச்சம்பழம் வாங்குனாக. வெளிய கொஞ்ச நேரம் நின்னதும் எல்லாருக்கும் தெளிஞ்சுருச்சு, திரும்ப ஏறி பார்த்திபனூர் போறதுக்குள்ள மறுபடி அதே தலைவலி, லாத்தாவுக்கும் எனக்கும் லேசா, பின்னாடி இருந்தவங்களுக்கு நல்லா. உம்மாவுக்கு வாழ்க்கைல கார்ல தலை சுத்துனது கிடையாது. ஒருத்தருக்குன்னா பித்தம்னு சொல்லலாம், வண்டில இருக்குற அம்புட்டு பேருக்கும் ஒரே நேரத்துல எப்படி வரும்? நனைஞ்சா நனையட்டும்னு நாலு கண்ணாடியையும் எறக்கச் சொன்னேன், கல்யாணத்துணி நனையுதுன்னு எல்லாரும் திட்டுனாக, எறக்கித்தான் மதுரை வரைக்கும் போனோம்.

அங்க மெக்கானிக் கடைல வண்டியை லிஃப்ட்ல தூக்கிப் பார்த்தா சைலன்சர் கீழ்ப்பக்கம் நல்லாத்தான் இருக்கு, மேல மடிப்பு பூரா அரிச்சுப்போய் கை போற அளவுக்கு ஓட்டை. அதுக்கு முன்னாடி பைப் ஜாயிண்ட்ல விரிசல், அதைச் சுத்தி கரி. டிக்கி ரப்பர் பீடிங் பிஞ்சு கிடக்கு, ஸ்டெப்னி வைக்கிற குழில ஒரு ரப்பர் மூடியைக் காணோம். கார் ஓடுறப்ப பின்னாடி காத்தழுத்தம் குறையும், புகை அங்கயே சுத்தும், சின்ன சந்து கிடைச்சாலும் உள்ள இழுத்துக்கும். அதனாலதான் பின் சீட்டுக்காரங்களுக்கு மொதல்ல.

அந்தப் புகைல இருக்குறது கார்பன் மோனாக்சைடு. நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. ரத்தத்துல ஆக்சிஜன் போய் ஒட்டுற இடத்துல இது 200 மடங்குக்கும் மேல பலமா ஒட்டிக்கும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, தூக்கம்னு வரும், தூங்குற புள்ள எந்திரிக்காமலே போயிரலாம். டீசல்ல இது கம்மின்னு சிலர் சொல்வாங்க, கம்மிதான், இல்லைன்னு இல்ல.

நம்ம கரைப்பக்கம் சைலன்சர் ஏன் சீக்கிரம் போகுதுன்னா உப்புக்காத்து ஒண்ணு. மீன் லாரி ரோடு பூரா உப்புத்தண்ணி ஒழுக விட்டுட்டுப் போறது ரெண்டு. ஆனா உள்ள இருந்து அரிக்கிறதை யாரும் சொல்றதில்ல. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி உண்டாகும், ஆவியா வெளிய போகணும். ஸ்கூல், பஜார்னு கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்துனா சைலன்சர் நல்லா சூடாகாது, தண்ணி உள்ளயே நிக்கும், அதுவும் அமிலத்தண்ணி. லாத்தா வண்டி ஓடுனது அம்புட்டும் அப்படித்தான்.

எனக்கு கோவம் வேற இடத்துல. லாத்தா அந்தச் சத்தத்தை எப்பவோ சொல்லியாச்சு. ஊர்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டாக, அந்தாளு "வீட்ல ஆம்பளை யாரையாச்சும் வரச் சொல்லுங்க"ன்னுட்டு பேஸ்ட் அப்பி, சில்வர் பெயிண்ட் அடிச்சு, புது சைலன்சர் காசு வாங்கிட்டான். இங்க பாதி வீட்ல ஆம்பளைங்க சவூதி, துபாய்னு கிடக்காங்க, கரண்டு பில்லு, பேங்கு, ஆஸ்பத்திரி, ஸ்கூல் எல்லாம் பொம்பளைங்கதான் பாக்குறாக, ஒரு பிளம்பர் வந்தாக்கூட அவுக சொல்றதைக் காதுல வாங்க மாட்டான். வண்டியை தினம் ஓட்டுறவகளுக்குத் தெரியாத சத்தம் வெளிநாட்டுல இருக்குற மச்சானுக்கு போன்ல தெரியுமா? எல்லா மெக்கானிக்கையும் சொல்லலை, நானும் அந்தத் தொழில்காரன்தான், நல்லவங்க நிறைய இருக்காங்க. ஆனா இது நடக்குது.

சரி, உங்க கேள்விக்கு வர்றேன். சத்தம் மட்டும்தானான்னா இல்ல, மைலேஜும் குறையலாம், அதுக்கு ஓட்டை எங்கன்னு பாக்கணும். கடைசி டப்பால மட்டும்னா பெருசா குறையாது. புகைல ஆக்சிஜன் எவ்வளவுன்னு அளக்குற ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னாடி கசிஞ்சா வெளிக்காத்து உள்ள போய், பெட்ரோல் பத்தலைன்னு சென்சார் தப்பா சொல்லும், எஞ்சின் கூடுதலா ஊத்தும். அப்புறம் சூடு. ஓட்டை வழியா வர்ற சூடு பம்பரை, ஒயரை உருக்கும், காஞ்ச பனைஓலை, புல்லு மேல நிறுத்துனா தீப்பிடிக்கும். சத்தத்துக்கும் புகைக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)ல 10,000 ரூபா வரைக்கும் ஃபைன் இருக்கு.

செக் பண்ண, எஞ்சின் ஆறியிருக்குறப்ப ஸ்டார்ட் பண்ணி, ஒருத்தரை ஈரத்துணியால டெயில் பைப்பை கொஞ்ச நொடி அடைக்கச் சொல்லிட்டு கேளுங்க, ஓட்டை இருந்தா அந்த இடத்துல உஸ்ஸுன்னு வரும். இதை வெட்டவெளில பண்ணுங்க, ஷெட்டுக்குள்ள வேணாம். தகரம் நல்லா இருந்து ஜாயிண்ட் மட்டும் போயிருந்தா வெல்டிங் போதும், வெல்டிங் வைக்கிறப்ப பேட்டரியைக் கழட்டச் சொல்லுங்க, பெட்ரோல் டேங்க் பக்கத்துலயே இருக்கும், அதையும் பாக்கச் சொல்லுங்க. தகரமே மெலிஞ்சுருந்தா மாத்திருங்க.

உங்க வீட்லயும் சின்னப் புள்ளைங்க இருக்கும்னு நினைக்கிறேன். கடைக்குக் கொண்டு போறப்ப அவுகளை ஏத்தாதீங்க, நீங்க மட்டும் போங்க, நாலு கண்ணாடியும் எறங்கி இருக்கட்டும், ஏசி வேணாம், டிக்கியை இறுக்கி மூடிருங்க. ஐஸ் பெட்டி நீட்டிக்கிட்டு இருக்குன்னு டிக்கியைத் திறந்து கயிறு கட்டி ஓட்டுறாங்க பாருங்க, ஓட்டை சைலன்சரோட அதை மட்டும் பண்ணிராதீங்க, புகை பூரா அது வழியாத்தான் உள்ள வரும்.