மண்ணில்லா விவசாயத்தில் வேர் அழுகல் ஒரே வாரத்தில் எல்லாச் செடிக்கும் பரவுவது ஏன்? எப்படித் தடுப்பது?

வேர் அழுகல் என்றால் வெள்ளை வேர் பழுப்பாகி, கொழகொழத்து, நாற்றமடிப்பது. பழுப்பு வேர் ஒன்றை விரலிடுக்கில் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். மேல்தோல் உறைபோல உருவி வந்து, உள்ளே நூல்போல் நரம்பு மட்டும் மிஞ்சினால் பெரும்பாலும் காரணம் பித்தியம் என்ற கிருமிதான். உரநீரால் வந்த வெறும் சாயக்கறை என்றால் தோல் கழன்று வராது.

பித்தியத்தின் வித்துகள் தண்ணீரில் நீந்தக்கூடியவை. சுழற்சி முறையில் ஒரே தொட்டி நீர்தான் எல்லா வேரையும் தொட்டுத் திரும்புகிறது. வீட்டில் ஒருவருக்குச் சளி பிடித்திருக்க, எல்லோரும் ஒரே சொம்பில் வாய் வைத்துக் குடிப்பது மாதிரி.

சூடு இதை இன்னும் மோசமாக்கும். 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். வேர் மூச்சுத்திணறும் நேரத்தில் கிருமி நுழைகிறது. அதனால் என் முதல் செலவு மருந்துக்கு இல்லை, தண்ணீரைக் குளிர்விக்கத்தான்: தொட்டிக்கு நிழல், முடிந்தால் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி), கூடவே காற்று பம்ப். 18–22 டிகிரி நல்லது. அப்புறம் சுத்தம்: நோயுற்ற செடியை உடனே எடுத்துவிடுங்கள்; ஒரு பயிர் முடிந்ததும் குழாய், தொட்டியைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்யுங்கள். திரும்பும் நீரை மெதுவான மணல் வடிகட்டியில் விடலாம்.

யூவி (புற ஊதா) விளக்கு மாட்டினால் நோய் குணமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். விளக்கைக் கடந்துபோகும் நீரில் உள்ள கிருமியைத்தான் அது கொல்லும், வேருக்குள் புகுந்துவிட்டதைத் தொடாது.