வாசகர் கேள்வி பதில்: ஸ்கோர் பக்கத்தில் கணக்குப் பிசகாமல் இருக்க

கேள்வி: பழைய மாணவர் சங்கத்தின் 20 ஓவர் தொடருக்கு இணையத்தளம் செய்து கொடுத்திருக்கிறேன். நிகர ஓட்டவேகம் (ஓவருக்கு எடுத்த ஓட்டத்திலிருந்து ஓவருக்குக் கொடுத்த ஓட்டத்தைக் கழித்த எண்) மட்டும் ஸ்கோரரின் கணக்கோடு ஒத்துவருவதே இல்லை. எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: தரவுத்தளத்தில் ஓவர் எந்த வடிவில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 17.3 என்று தசம எண்ணாக இருந்தால் பிழை அங்கேதான் தொடங்குகிறது. ஸ்கோரருக்கு அது பதினேழரை ஓவர். கணினிக்கோ பதினேழும் பத்தில் மூன்றும். ஓவரைச் சேமிக்கவே வேண்டாம், செல்லுபடியான பந்துகளை முழு எண்ணாகச் சேமியுங்கள்: 17×6+3=105. திரையில் காட்டும்போது மட்டும் 6ஆல் வகுத்து, ஈவுக்கும் மீதிக்கும் நடுவே புள்ளி வையுங்கள். வைடும் நோபோலும் ஓட்டக் கணக்கில் சேரும், பந்துக் கணக்கில் சேராது.

அடுத்து, சகல விக்கெட்டுகளையும் இழந்த அணியைப் பாருங்கள். முதலில் ஆடிய அணி 20 ஓவரில் 150 ஓட்டம், எதிரணி 17.3 ஓவரில் 120க்குச் சுருண்டது என்று வைத்துக்கொள்வோம். சுருண்ட அணி தனக்குரிய 20 ஓவரையும் ஆடியதாகவே கொள்ள வேண்டும். ஆகவே 120/20 என்பது 6.00, அதிலிருந்து முதலில் ஆடிய அணியின் 150/20, அதாவது 7.50ஐக் கழித்தால் −1.50. இதையே 17.5ஆல் வகுத்துவிட்டால் −0.64 வந்து நிற்கும். அரையிறுதிக்குப் போகும் அணியையே மாற்றிவிடக்கூடிய பிழை இது. போட்டிக்குப் போட்டி கிடைத்த எண்களைக் கூட்டிச் சராசரி எடுப்பதும் தவறு. தொடர் முழுவதற்குமான ஓட்டங்களையும் ஓவர்களையும் தனித்தனியே கூட்டிய பிறகே வகுக்க வேண்டும்.

மொத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதிலேயே கூட்டிக்கொண்டு போகும் பழக்கத்தையும் விடுங்கள். தரவுத்தளத்தில் ஒரு பந்துக்கு ஒரு வரிசை வையுங்கள். துடுப்பாட்ட வீரருக்குக் கொடுத்த நான்கு ஓட்டத்தை ஸ்கோரர் பின்னர் லெக்பை (மட்டையில் படாமல் உடலில் பட்டுப் போன பந்தில் எடுத்த உதிரி ஓட்டம்) என்று திருத்தினால், அணியின் மொத்தம் மாறாது. ஆனால் துடுப்பாட்ட வீரரின் கணக்கிலும் பந்துவீச்சாளரின் கணக்கிலும் நான்கு குறைய வேண்டும். பந்து வரிசையிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டால் இவை தாமாகவே சரியாகும்.

கேள்வி: மார்ச்சில் பாடசாலைப் பெரும் போட்டிகள் வந்தால் எங்கள் தளம் படுத்துவிடுகிறது. பெரிய சேர்வருக்கு மாறுவதா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பணத்தைச் செலவழிக்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். 10,000 பேரின் கைபேசி 10 விநாடிக்கு ஒருமுறை ஸ்கோர் கேட்டால், விநாடிக்கு 1,000 கோரிக்கை. எல்லோரும் கேட்பது ஒரே பதிலைத்தான். ஸ்கோரை மட்டும் சிறிய ஜேசன் (தரவை எழுதும் எளிய எழுத்து வடிவம்) கோப்பாகப் பிரித்து, சிடிஎன்னில் (நகலை வைத்து வாசகருக்கு அருகிலிருந்து தரும் சேர்வர்களின் வலையமைப்பு) 5 விநாடி கேஷ் ஆகும்படி, அதாவது நகலாகத் தங்கும்படி, பதிலின் தலைப்பில் எஸ்-மேக்ஸ்ஏஜ் 5 கொடுங்கள். சிடிஎன்னின் ஒரு முனையிலிருந்து உங்கள் சேர்வருக்கு 5 விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கோரிக்கைதான் வரும்.

இதைச் செய்தும் சுமை குறையவில்லை என்றால் பெரும்பாலும் குக்கிதான் (தளம் வாசகரின் உலாவியில் வைக்கும் சிறு குறிப்பு) காரணம். பதிலோடு குக்கியும் போனால் பல சிடிஎன்கள் அதைக் கேஷ் செய்யாமல் விட்டுவிடும். ஸ்கோர் முகவரியில் லொகின் அமர்வைத் தொடங்கவே கூடாது. வாசகர் வேறு பக்கத்துக்குப் போனதும் அவருடைய கைபேசி ஸ்கோர் கேட்பதை நிறுத்துங்கள். கைபேசிக்குக் காசு ரீலோட் போட்டுப் பார்க்கும் பிள்ளைகளின் டேட்டா வீணாகக் கூடாது. போட்டி நாளில் தளத்தில் புதிய நிரல் ஏற்றவே வேண்டாம்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி பாமினியில் (யுனிகோடுக்கு முந்திய தமிழ் எழுத்துரு) வருகிறது. யுனிகோடுக்கு மாற்றிப் போட்டாலும் தேடலில் சில சொற்கள் அகப்படுவதில்லை.
– வாசகி, தெஹிவளை

பதில்: ‘கொழும்பு’ என்பதில் உள்ள ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடலுக்கு வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்தை என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் யுனிகோடு வடிவம்) கொண்டுவந்தால் இது தீரும்.

ஔகாரம் அதற்கு அடங்காது. ‘பௌண்டரி’யைப் பலர் கொம்பும் ளகரமுமாகத் தட்டுகிறார்கள். அதைக் கண்மூடித்தனமாக மாற்றினால் ‘வெள்ளவத்தை’ சிதைந்துவிடும். ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் தொடாதீர்கள். மீதியைப் பட்டியலிட்டு ஒருவர் பார்த்த பிறகே மாற்றுங்கள். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழை வைத்திருக்கிறது. ஆகவே செய்திக்கு நடுவே வரும் ஆங்கிலப் பெயர்களை எழுத்துரு மாற்றும் மென்பொருளுக்குக் கொடுக்கும் முன் தனியே பிரித்துவிட வேண்டும்.

கேள்வி: பழைய போட்டிகளின் தொடக்க நேரம் அரை மணி பிசகுகிறதே?
– வாசகர், மட்டக்குளி

பதில்: இலங்கை நேரம் எல்லாக் காலத்திலும் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னாலேயே இருக்கவில்லை. 1996 மே மாதம் ஆறரை மணியாகவும், அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறு மணியாகவும் மாறி, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) சேமித்து, ‘ஏசியா/கொழும்பு’ வலயப் பெயரைக் கொடுத்துக் காட்டுங்கள். 5:30 என்ற எண்ணை நிரலில் நிலையாக எழுதாதீர்கள்.