களிக்கும் காரக் குழம்புக்கும் எந்த ஒயின்?

கேள்வி: வெளிநாட்டில் இருந்து வந்த மகன், கேபர்னே சாவிஞான் என்ற சிவப்பு ஒயினைக் கொண்டுவந்தான். ராகிக் களி, நாட்டுக்கோழிக் குழம்போடு அருந்தியபோது நாக்கு அதிகமாக எரிந்தது ஏன்?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: குழம்பின் மீது குற்றமில்லை. அந்த ஒயினுக்கான கேபர்னே சாவிஞான் திராட்சையின் தடித்த தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் டானின் என்னும் துவர்ப்பும், பெரும்பாலும் 13 முதல் 14 விழுக்காடு வரை இருக்கும் ஆல்கஹாலும் மிளகாயின் எரிச்சலைக் கூட்டிவிடுகின்றன. கொழுப்புள்ள, காரம் குறைத்து வறுத்த ஆட்டுக்கறியே அந்தச் சிவப்பு ஒயினுக்கு உற்ற துணை. களி உருண்டையைக் குழம்பில் தோய்த்து விழுங்கும்போது, சற்றே இனிப்பு எஞ்சிய ஜெர்மானிய ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினை நன்கு குளிரவைத்து அருந்துங்கள். அதன் எலுமிச்சைப் புளிப்பு வாயில் படிந்த எண்ணெயை அகற்ற, இனிப்பு காரத்தைத் தணிக்கும். புட்டியில் ‘ட்ரோக்கன்’ என்று அச்சிட்டிருந்தால் அது இனிப்பற்ற வகை; இதற்கு வேண்டாம்.