ஃபார்மட் செய்யவா என்று கேட்கிறது, என்ன சொல்ல?

கணினிக் கேள்வி–பதில் பகுதி. பதில் தருபவர் காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்.

கேள்வி: எங்கள் அப்பச்சியின் சதாபிஷேக வீடியோ, அவர்களுடைய அப்பச்சி பர்மாவிலிருந்து நடந்தே வந்த கதையை முகப்பில் உட்கார்ந்து சொன்னது, பழைய பேரேடுகள் செல்லரித்துப் போவதற்குள் எடுத்த போட்டோக்கள், எல்லாம் ஒரு டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. டிவியில் போட்டுப் பார்க்கலாம் என்று லேப்டாப்பிலிருந்து காப்பி ஏற்றிக்கொண்டிருந்தபோது பேரன் வயரைப் பிடுங்கிவிட்டான். இப்போது சொருகினால் 'பயன்படுத்தும் முன் டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்' என்கிறது. ஃபார்மட் கொடுத்துவிட்டு மீட்டுக்கொள்ளலாம் என்கிறார் மருமகன். அப்பச்சி இப்போது இல்லை. கொடுக்கலாமா?
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: கொடுக்காதீர்கள் ஆச்சி. கேன்சலை அழுத்தி, வயரைக் கழற்றி, டிஸ்க்கைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு மேலே படியுங்கள்.

என் தாத்தா வட்டிக்கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அன்றன்றைய வரவு செலவு சிட்டையில் ஏறும், அதிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். பேரேடு தொலைந்தால் கொடுத்த பணம் எங்கும் போய்விடாது, யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்பதுதான் தெரியாமல் போகும். உங்கள் டிஸ்க்கிலும் அதுதான் நடந்திருக்கிறது. அப்பச்சியின் குரல் உள்ளேதான் இருக்கிறது. எந்த ஃபைல் எங்கே தொடங்குகிறது என்று எழுதிவைத்த பேரேட்டைத்தான் விண்டோஸால் படிக்க முடியவில்லை.

டிவிக்கும் ஆகும், லேப்டாப்புக்கும் ஆகும் என்று பலர் டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் என்ற பேரேட்டு முறையில் வைத்திருப்பார்கள். உங்களுடையதும் அப்படி இருக்கலாம். விண்டோஸின் சொந்த முறையான என்டிஎஃப்எஸ்ஸில் பேரேட்டைத் தொடும் முன் குறித்துக்கொள்ள ஒரு சிட்டை உண்டு. எக்ஸ்ஃபேட்டில் அந்தச் சிட்டை கிடையாது. எழுதும்போது வயர் போனால் பாதி எழுதிய வரி பாதியாகவே நின்றுவிடும்.

மருமகன் சொல்வதில் கால்வாசி உண்மை இருக்கிறது. குவிக் ஃபார்மட் என்பது பழைய பேரேட்டின் மேல் ஒரு வெற்றுப் பேரேட்டை எழுதுவது; சரக்கைத் தொடாது. ஆனால் 'குவிக் ஃபார்மட்' என்பதற்கு எதிரே இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்தால், விஸ்டா தொடங்கி வந்த எல்லா விண்டோஸும் டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியம் எழுதிவிடும். அப்புறம் மீட்க ஒன்றும் இருக்காது. ஒரு டிக்கை நம்பி அப்பச்சியைப் பணயம் வைக்க வேண்டுமா?

விண்டோஸிலேயே இருக்கும் செக்டிஸ்க் என்ற பிழைதிருத்தியை ஓட்டச் சொல்லியும் யாராவது வருவார்கள். அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், சொந்த அண்ணன் டிஸ்க். கல்யாண வீட்டுப் படங்கள். செக்டிஸ்க்கின் வேலை பேரேட்டில் முரண் இல்லாமல் செய்வது, உங்கள் ஃபைலைக் காப்பாற்றுவது அல்ல. கணக்கு இடித்த இடத்தையெல்லாம் வெட்டி, துண்டுகளை 'ஃபவுண்ட்' என்ற ஃபோல்டரில் பெயரில்லாமல் கொட்டியது. 'பிழைகள் சரிசெய்யப்பட்டன' என்று திரையில் வந்தபோது சந்தோஷப்பட்டவன் நான். அண்ணி இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள்.

சரி, செய்ய வேண்டியது. முதலில் டிஸ்க்குக்கே உடம்பு சரியில்லையா என்று பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். நீலம் காட்டினால் நல்லது. மஞ்சள் காட்டி, 05, சி5, சி6 என்ற வரிகளில் எண் ஏறியிருந்தால், டிஸ்க்குக்குள் சுழலும் தட்டிலேயே படிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன. அப்போது ஒவ்வொரு தடவை சொருகுவதும் ஆபத்து.

அடுத்தது நகல். முழு டிஸ்க்கையும், வெற்றிடம் உட்பட, அப்படியே வேறொரு பெரிய டிஸ்க்கில் ஒரே இமேஜ் ஃபைலாக எடுங்கள். ஒரு டிபிக்கு இரண்டு டிபி டிஸ்க் வாங்குங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். இதற்கு லினக்ஸில் (விண்டோஸ் மாதிரி இன்னோர் இயங்குதளம்) ஓடும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் நல்லது. முதலில் நோகாமல் படிக்க முடிகிற இடங்களையெல்லாம் அள்ளிவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நொடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தால் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். பழைய யுஎஸ்பி 2 போர்ட் என்றால் ராத்திரி முழுக்க ஓடும். ஒன்றே ஒன்று: எது மூலம், எது நகல் என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் வெற்று டிஸ்க்கை அப்பச்சி மேல் எழுதிவிடும். லினக்ஸ் பழக்கமில்லையென்றால் அழகப்பா கல்லூரியில் படிக்கும் பிள்ளை யாராவது தெருவில் இருக்கும், கூப்பிட்டு ஒரு காப்பி கொடுத்து உட்கார வையுங்கள்.

இனி எல்லா வேலையும் நகல் மேல்தான். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளில் அந்த இமேஜைத் திறந்தால் பூட் செக்டார் என்ற தொடக்கப் பகுதியின் பேக்கப்பைத் தேடிப் பார்க்கும். எக்ஸ்ஃபேட் தன் தொடக்கப் பகுதியின் இன்னொரு பிரதியைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறது; என்டிஎஃப்எஸ் கடைசிச் செக்டாரில் வைக்கிறது. அது நன்றாக இருந்தால் பழைய ஃபோல்டர்கள் பெயரோடு வந்து நிற்கும். அந்த நிமிஷத்துக்காகவே இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்று சொல்லலாம். கிடைப்பதை மூன்றாவது இடத்தில் இறக்குங்கள், பழைய டிஸ்க்கில் வேண்டவே வேண்டாம்.

வரவில்லையென்றால் போட்டோரெக் என்ற மென்பொருள். அது பேரேட்டைப் பார்ப்பதே இல்லை. சரக்கறைக்குள் நேரே போய், ஜேபெக் படம் எப்படித் தொடங்கும், வீடியோ எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்து அள்ளிக்கொண்டு வரும். படங்கள் பெரும்பாலும் வந்துவிடும். பெரிய வீடியோ துண்டு துண்டாகக் கிடந்தால் பாதியில் நிற்கலாம்.

கேள்வி: திண்ணையிலிருந்து தரையில் விழுந்த ஹார்ட் டிஸ்க், சொருகினால் 'டிக், டிக்' என்கிறது. ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் சரியாகும் என்கிறார்களே?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: மீன்தான் ஃப்ரீஸரில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் தட்டில் ஈரம் பூக்கும், தட்டைப் படிக்க ஓடிக்கொண்டிருக்கும் ஹெட் அதன் மேல் உரசும். ஹெட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான், தூசு கூட அங்கே பாறை.

ஒரே ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் போதாவிட்டாலும் டிக் டிக் என்னும். வேறு நல்ல வயரில், கம்ப்யூட்டரின் பின்பக்கப் போர்ட்டில் ஒரே தடவை. அதற்கும் அதே சத்தம் என்றால் நிறுத்திவிடுங்கள். அதே மாடல் டிஸ்க் வாங்கி சர்க்யூட் போர்டை மாற்றும் வேலையும் வேண்டாம். இப்போதைய போர்டுகளில் அந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் ஒரு சிப்பில் இருக்கின்றன, அதையும் மாற்றிப் பொருத்தினால்தான் ஓடும். இது தூசில்லாத அறை வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி ஆட்கள் செய்ய வேண்டியது, என் கடையிலும் முடியாது. கொடுக்கும் முன், டேட்டா வராவிட்டால் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே வேறு கடையில் திறந்த டிஸ்க்கா என்று அவர்களே முதலில் கேட்டால் தொழில் தெரிந்தவர்கள் என்று நினைக்கலாம்.

கேள்வி: போட்டோரெக் ஓட்டினேன். நாலாயிரம் படம் வந்தது, எல்லாம் எண்கள்தான், பெயரே இல்லை. எப்படிப் பிரிப்பது?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: பெயர் பேரேட்டில் இருந்தது, அது போய்விட்டது. ஆனால் கேமராவும் போனும் எடுத்த தேதியைப் படத்துக்குள்ளேயே எழுதியிருக்கும். எடுத்த தேதி வாரியாக அடுக்குங்கள், ஒவ்வொரு விசேஷமும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். சின்னச் சின்ன அளவில் இருப்பவை முன்னோட்டப் படங்கள், அளவு வாரியாக அடுக்கி அழித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் மட்டும் அந்தத் தேதி இருக்காது. அவற்றை லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகளோடு ஆயாவையும் உட்கார வைத்துப் பாருங்கள். யார் வீட்டுப் படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் விசேஷம்), எந்த வருஷம், மூலையில் பாதி முகம் தெரிவது யார் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.